என் பெயருக்கு வந்த காது

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன 1989ஆம் வருடம், புது ஆபீஸ்களில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களில் என் அத்தை சரோஜாவும் ஒருத்தி. பத்தாவது பாஸ். கல்யாணம் நிலைக்கவில்லை, அதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. கோயில் மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜில் டெலிபோன் போர்டு வேலை கிடைத்தது. வெளியிலிருந்து வரும் போனை எடுத்து, எந்த அறைக்கு என்று கேட்டு, அந்த அறைக்கான பொத்தானை அழுத்தி இணைத்துவிட வேண்டும். ரூம் கேட்டு வருகிற போனுக்கு அவளே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் போர்டு அத்தைக்குப் பிடித்துப்போனது. பௌர்ணமி நெருங்கினால் சென்னை, பெங்களூர், ஆந்திரா என்று எல்லாப் பக்கமிருந்தும் போன் வரும். நெல்லூர்க்காரர்களிடம் பேசிப் பேசியே தெலுங்கு கற்றுக்கொண்டாள். ஒரு எழுத்து எழுதத் தெரியாது. ரூம் இல்லை என்பதை மனம் நோகாமல் சொல்லத் தெரியும். போன வருடம் ஒருமுறை பேசியவரின் குரலை இந்த வருடம் கண்டுபிடித்து, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அந்தப் பக்கம் இருப்பவர் திகைத்துப்போவார். அதற்காகவே திரும்பத் திரும்ப அந்த லாட்ஜுக்கு வந்தவர்கள் உண்டு. ஓனர் தருமனுக்கு இது தெரியும். ஃபேக்ஸ் மெஷினோ, நம்பர் காட்டும் போனோ, பில் போடும் கம்ப்யூட்டரோ, புதிதாக எது வந்து இறங்கினாலும் பெட்டியைப் பிரிக்க முதலில் அத்தையைத்தான் கூப்பிடுவார்.

உட்கார்ந்து செய்யும் வேலை அது. ஆனால் அத்தையை உட்கார்ந்த கோலத்தில் நான் பார்த்தது குறைவு. ரிசீவரின் சுருள் வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டே பேசுவாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரு வாய் சாப்பிடுவாள், எழுந்து ஜன்னலைத் திறப்பாள், இன்னொரு வாய் சாப்பிடுவாள், மூடுவாள்.

நான் படிப்பை முடித்து, வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் காண்டிராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவளோடு தங்க வந்தேன். திருவூடல் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. எனக்குப் பேச்சு கம்மி. ஆபீசுக்குப் போவேன், வருவேன். சந்தில் யாருக்கும் என் பெயர் தெரியாது. ‘லாட்ஜ் அக்கா வீட்டுப் பொண்ணு’ என்பார்கள், அது போதுமானதாக இருந்தது.

அத்தைக்குக் காது மந்தமாகிறது என்பதை நான் குக்கரில்தான் கண்டுபிடித்தேன். எத்தனை விசில் வந்தது என்று அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே என்னைக் கேட்டாள். பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் முதுகைக் காட்டிப் பேசினால் பதில் வராது. லாட்ஜில் எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டேன். முதலில் கோபப்பட்டாள். பிறகு சொன்னாள். ரூம் கேட்டுப் பேசுகிறவர்களிடம், எதற்கும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம், நீங்களே தேதியைச் சொல்லுங்கள் என்பாளாம். அவர்கள் சொல்வார்கள். அப்புறம் பெயரை நிறுத்திச் சொல்லச் சொல்வாள், ஊரைச் சொல்லச் சொல்வாள். மூன்று முறை கேட்டால் இரண்டு முறையாவது விளங்கிவிடும். இது அவளுடைய பொறுப்புணர்ச்சி என்று ஓனர் நினைத்தார். ரூம்பாய் ராமதாஸிடமும் கவுண்டரில் இருந்த செழியனிடமும், வேலை என்றால் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அத்தையால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாமல் போனது.

2008இல் ஐப்பசி தொடங்கியபோது ராமதாஸ் ஒரு செய்தி கொண்டுவந்தான். கார்த்திகை தீபம் முடிந்ததும் ஓனர் லாட்ஜுக்கு இன்டர்நெட்டில் ரூம் புக்கிங் கொண்டுவரப் போகிறார். அதன்பின் போர்டுக்கு ஒரு ஆள், கவுண்டருக்கு ஒரு ஆள் தேவையில்லை. அத்தையோ செழியனோ, ஒருவர் போதும். தீபக் கூட்டத்தை யார் நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாராம்.

அன்றிலிருந்து அத்தை வீட்டில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். அரசு ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் இடத்தில் இருக்கிற நர்ஸ் எங்கள் சந்துக்காரி. ஊரில் காது மிஷின் விற்கிற கடை தருமனுடைய சகலை வைத்திருப்பது. வேலூருக்குப் போகலாம் என்றால், அந்த பஸ்ஸில் தெரிந்த முகம் இல்லாமல் இருக்காது.

“நீ கம்ப்யூட்டர்லதானே ரயில் டிக்கெட் எடுத்த? காது மிஷின் அதுல வருமா?” என்று கேட்டாள்.

வரும், ஆனால் காதைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது என்றேன்.

“காதை ஒரு டாக்டர் பாத்தா நாலு பேருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் யார்கிட்ட போய்ச் சொல்லப்போவுது?”

ஆன்லைனில் பொருள் வாங்குவதைப் பற்றி ஆபீசில் பேசிக்கொள்ளும்போது விலை கம்மி என்பார்கள், அலைச்சல் இல்லை என்பார்கள். அத்தை சொன்னதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கடைக்குப் போய் வந்தால் கைப்பையை எட்டிப் பார்க்காமல் ஒருத்தரும் வழிவிட மாட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் பெண்கள் வாங்கும் சிலதைச் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். சுற்றியிருப்பதை வைத்தே உள்ளே என்ன என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். கடைக்காரரின் கண் இல்லாத ஒரு கடை வந்திருக்கிறது என்பதுதான் அத்தைக்கு அதில் பட்ட விஞ்ஞானம்.

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். வாங்கியவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கருத்துகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அத்தை என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புனாவில் ஒருவர், தன் அப்பா பல வருடத்துக்குப் பிறகு குருவிச் சத்தம் கேட்டார் என்று எழுதியிருந்தார். அவர் பெயர் என்ன என்று கேட்டாள். ஷிர்கே என்று போட்டிருக்கிறது என்றேன்.

“நல்ல மனுஷனாத்தான் தெரியுது” என்றாள்.

சொந்தச் சந்து நர்ஸை நம்பாதவள் புனாக்காரரை நம்பினாள். நான் பௌதிகம் படித்தவள். காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் இழப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இது எல்லாவற்றையும் பெரிதாக்கும், எதைக் கேட்க வேண்டும் என்று பிரிக்காது என்று சொன்னேன். தெரியும், போடு என்றாள். என் வங்கி அட்டையில்தான் வாங்கினோம். பெயர் போடும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“என் பேரு வேணாம். உன் பேரு போடு.”

அறிவுமதி என்று அடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் விசித்திரமானவை. அந்த நிறுவனம் ஒரு எண் கொடுத்திருந்தது. அதை அடித்தால் பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று காட்டும். நான் ஆபீசில் பார்த்து வந்து மாலையில் சொல்ல வேண்டும். மும்பையை விட்டுப் புறப்பட்டது. பெங்களூர் வந்தது. பெங்களூரிலேயே இருக்கிறது. ஏன் அங்கேயே இருக்கிறது என்று அத்தை கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் வி.பி.பி.யில் ஒரு பொருளுக்கு எழுதிப் போட்டால், தபால்காரர் வந்து கூப்பிடும்வரை அதை மறந்துவிடுவோம். இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அதனால் தூக்கம் வருவதில்லை. தெரிந்துகொண்டு நம்மால் ஒன்றும் செய்யவும் முடியாது. பெங்களூரில் ஒரு குடோனில் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே அத்தையின் காது கிடந்தது. அத்தை இங்கே ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த வியாதி தொற்றியது. வேலைக்கு நடுவில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று, டெலிவரிக்குப் புறப்பட்டுவிட்டது என்று வந்தது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பது மும்பைக்குத் தெரியாது. நான் நான்கு மணிக்குப் போனைப் பார்த்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்து நின்றிருந்தது. தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை. அன்று நானே கூப்பிட்டேன். கூரியர்காரர். வேடியப்பன் என்று பெயர் சொன்னார்.

“பார்சல் குடுத்தாச்சுங்க. தெருவுல வண்டி வுடல, நடந்தே வந்தேன். பூக்கடைல கேட்டா, அறிவுமதின்னு அப்படி ஒரு ஆம்பளயே இங்க இல்லன்னாங்க. டோர் நம்பரைச் சொன்னதும், அது லாட்ஜ் அக்கா வூடாச்சேன்னாங்க. வூடு பூட்டியிருந்துச்சு. லாட்ஜ் வழியிலதானே, அங்கயே குடுத்துட்டேன். தெரிஞ்சவங்கதானே?”

தெரிஞ்சவங்கதான் என்றேன்.

ஆபீசில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து கூட்டத்துக்கு எதிராக நடந்தேன். தூறல். எல்லோரும் மலையைச் சுற்ற ஒரு பக்கமாகப் போக, நான் ஒருத்தி மட்டும் எதிரே இடித்துக்கொண்டு வந்தேன். கர்நாடகத்துக்காரப் பெண் ஒருத்தி, வழி மாறி வருகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

லாட்ஜ் வாசலிலேயே நெல்லூர்க் கூட்டம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. அத்தை போர்டுக்குப் பக்கத்தில் ரிசீவரோடு நின்றாள். கவுண்டர்மேல் பார்சல் இருந்தது. அதன்மேல் தருமனின் கை இருந்தது. மழையில் நனைந்து மேல் உறை ஒரு மூலையில் கிழிந்து, உள்பெட்டியில் அச்சடித்திருந்த காதுப் படம் தெரிந்தது. தருமன் என்னைப் பார்த்தார். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னார்.

“வா…ம்மா. உனக்கு. பார்…சல். வந்திருக்குது.”

சொல்லிவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். நெல்லூர்க் கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. ராமதாஸ் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான், காது கேட்காவிட்டால் காலும் வலிக்கும் என்பதுபோல.

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. பெட்டியில் இருந்தது என் பெயர். அத்தையைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். என் வாயால் சொல்ல அது என்னுடைய விஷயம் இல்லை. போர்டில் விளக்கு எரிந்தது. அத்தை திரும்பிக்கொண்டு அந்த அழைப்பை எடுத்தாள்.

நான் பார்சலை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன், வழக்கம்போலத் தணிந்த குரலில். படி இறங்கும்போது தருமன் ராமதாஸிடம் சொன்னது கேட்டது.

“நான் அப்பவே நெனச்சேன்டா. இந்தப் பொண்ணு ஏன் வாயே தொறக்க மாட்டேங்குதுன்னு. பாவம்.”

பௌர்ணமிக் கூட்டத்தைச் சமாளித்துவிட்டு அத்தை மறுநாள் காலையில்தான் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே, ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். நீ சொல்வாய் என்று பார்த்தேன் என்றேன். பெட்டியைப் பிரித்தாள். காதுக்குப் பின்னால் மாட்டும் சிறிய மிஷின். மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். மெட்டியை அவள் இன்னும் கழற்றவில்லை. தன் மெட்டி தரையில் இடிக்கும் சத்தத்துக்கே நின்றாள். ஃபேனை நிறுத்தினாள். குழாயை இறுக்கினாள். “இவ்ளோ சத்தத்துலயா எல்லாரும் இருக்கீங்க?” என்றாள். பிறகு கொண்டையைத் தளர்த்தி முடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

“தீபம் முடியற வரைக்கும் இருக்கட்டும், மதி. அதுக்கப்புறம் நானே சொல்லிடறேன்.”

சரி என்றேன்.

தீபம் முடிய ஒரு மாதம் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மாதம் என்பது ஒரு செய்திக்கு எவ்வளவோ அதிகம். பூக்கடைக்காரி முழம் காட்டி விரலால் விலை சொல்ல ஆரம்பித்தாள். எதிர்வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார்கள். என் முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசினார்கள்; நல்ல நிறம், நல்ல படிப்பு, இப்படி ஒரு குறை. நான் பதில் சொன்னால், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்று பாராட்டினார்கள். ஒரு வாரத்தில் அது கீழ்பென்னாத்தூர் போய்விட்டது. அப்பா போன் செய்து, காதில் என்ன என்று கத்தினார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. போளூரில் ஒரு வரன் பார்த்திருந்தார்கள், மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை, ஜாதகம் பொருந்தியிருந்தது. தீபம் கழித்துப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அத்தைமேலா, தருமன்மேலா, அந்தப் பெட்டியில் காதுப் படம் போட்டவன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அத்தைக்கு மிஷினால் லாட்ஜில் பிரயோஜனம் இல்லை. ரிசீவரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விசில் அடித்தது. மிஷின் அனுப்பும் சத்தம் ரிசீவரில் பட்டுத் திரும்பி மிஷினுக்குள்ளேயே போகிறது என்று நான் படம் வரைந்து விளக்கினேன். எதற்காக வாங்கினாளோ அந்த இடத்தில் அதைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. தெருவில் மட்டும் மாட்டிக்கொண்டாள். அதனால் வேறொன்று நடந்தது. இத்தனை நாள் அவள் காதில் விழாத பேச்செல்லாம் இப்போது விழுந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பூக்கடையில் சொன்னார்களாம், அந்தப் பெண்ணை இனி எவன் கட்டுவான் என்று. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஷினைக் கழற்றி டிவிமேல் வைத்தாள். சிறிது நேரம் கழித்து எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

தீபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அத்தைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். தீபத்துக்கு ரூம் கேட்டுப் போன் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அதற்குள் அத்தை ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தாள்: ரிசீவரைக் காதில் ஒட்டாமல், சற்று மேலே, மிஷினிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்தால் விசில் வராது, பேச்சு கேட்கும். கையால் மறைத்துக்கொண்டு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். தருமன் பின்னால் கண்ணாடித் தடுப்பறைக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு போன் வந்தது. ஓனரிடம் பேச வேண்டும் என்றார்களாம். அத்தை வழக்கம்போல ஊர் கேட்டாள். அவள் நடை நின்றது. “லைன்ல இருங்க” என்று ஓனரின் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பழைய போர்டில், அவள் ரிசீவரை வைக்கும்வரை இரண்டு பக்கப் பேச்சும் அவளுக்கும் கேட்கும். எப்போதும் உடனே வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை. என்னைப் பார்த்து, போளூர் என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பெண் எடுப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக்காரரைக் கேட்டால் மறைப்பார்கள். வேலை கொடுத்தவர், கடை வைத்திருப்பவர் என்று யாரையாவது கேட்பார்கள். சரோஜா வீட்டுப் பெண்ணைப் பற்றி லாட்ஜ் ஓனரைக் கேட்கிறார்கள். தருமன் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார். தங்கமான பெண், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசாது என்றெல்லாம் சொன்னாராம். பிறகு குரலைத் தணித்தாராம். அந்தத் தணிந்த குரலைப் பிடிக்க அத்தை ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

விசில் அடித்தது. நான் நின்ற இடத்திலேயே கேட்டது. கண்ணாடிக்குள் தருமன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, உற்றுப் பார்த்து, திரும்பவும் வைத்தார்.

“மொதலாளி, நான் சரோஜா பேசறேன், போர்டுல இருந்து” என்றாள் அத்தை. “போளூர்க்காரங்களும் கேளுங்க. மதிக்குக் காது நல்லா கேக்குது. கேக்காதது எனக்கு. மிஷின் என்னுது. இப்ப விசில் அடிச்சுதே, அது என் காதுலதான் இருக்குது.”

தருமன் தலை நிமிர்ந்து கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் இருந்தார்கள். போளூர்க்காரர் ஏதோ கேட்டார். அத்தை கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்பது கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“எங்கப்பாவுக்கும் கடைசி காலத்துல கேக்கலீங்க. பரம்பரையா வருமான்னு எனக்குத் தெரியாது. டாக்டரைத்தான் கேக்கணும்.”

ரிசீவரை வைத்தாள். தருமன் வெளியே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ராமதாஸ் அன்றும் எனக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மூன்று வருடம் இருக்கும் என்றாள். போன தீபத்துக்கு நெல்லூர்க்காரர் குடும்பம் வந்து ரூம் இல்லாமல் திரும்பிப் போனதே, அது யாரால் என்று கேட்டார். என்னால்தான் என்றாள். செழியன் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சரோஜா.”

“சொன்னா வெச்சிருப்பீங்களா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். பிறகு சொன்னார். தீபம்வரை அவளே பார்க்கட்டும். அது முடிந்ததும் வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டி, போன் வேலை பார்க்கலாம் என்று எழுதி வாங்கிவந்தால் இருக்கலாம். எழுதித் தரவில்லை என்றால் செழியன் பார்த்துக்கொள்வான்.

அவர் போனதும் ராமதாஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

“அப்ப நான் பின்னாடி நின்னு உங்களத் திட்டினதெல்லாம் கேக்கலியாக்கா?”

“இப்ப கேக்குது. பாத்துத் திட்டு.”

போளூர்க்காரர்கள் வரவில்லை. வேலை நெருக்கடி என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்தினார். பெண்ணுக்கு இல்லாத நோயை ஒட்டிவிட்டு, அதை எடுக்கும்போது பரம்பரை நோயாக மாற்றிவிட்டாள் என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. பூக்கடையில் எனக்கு மறுபடியும் வாயால் விலை சொன்னார்கள். எதிர்வீட்டில் பூண்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வரன் போனதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உடனே சொல்லத் தெரிந்திருக்காது.

தீபம் முடிந்த வாரத்தில் வேலூர் போனோம். பஸ்ஸில் வழி முழுக்க அத்தை அடுத்த நிறுத்தம் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த மருத்துவமனையில் காது பரிசோதிக்கச் சுவரெல்லாம் மெத்தை வைத்த சிறிய அறை இருந்தது. அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அத்தையை உள்ளே உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மிஷினுக்கு முன்னால் ஒரு இளம்பெண் உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல்.

ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் விசையைத் தட்டுவாள். உள்ளே அத்தை அழுத்துவாள். இங்கே ஒரு விளக்கு எரியும். தட்டினாள், எரிந்தது. இன்னும் குறைத்துத் தட்டினாள், எரிந்தது. தாளில் புள்ளிகள் நல்ல இடத்திலேயே விழுந்துகொண்டு போயின. அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். எனக்கு முன்பே புரிந்துவிட்டது. அத்தை கண்ணாடி வழியே அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசையைத் தட்டும்போது தோள் லேசாக அசைந்தது.

அந்தப் பெண் கையை அசைக்காமல் இருந்து, தோளை மட்டும் அசைத்துப் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

எழுந்து உள்ளே போனாள். கோபமாக இல்லை. இது அவளுக்குப் புதிதில்லை போலிருந்தது.

“கேட்டா மட்டும் அழுத்துங்கம்மா. பாத்து அழுத்தாதீங்க” என்று சொல்லி, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

இப்போது அத்தையின் முதுகும் கொண்டையும், நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கையும்தான் எனக்குத் தெரிந்தன. பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தது. அந்தப் பெண் வந்து உட்கார்ந்து விசையைத் தட்டினாள். எரியவில்லை. சத்தத்தைக் கூட்டித் தட்டினாள். எரியவில்லை. அத்தையின் கால் மட்டும் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கூட்டினாள். கட்டைவிரல் அசையும், ஒரு குத்துமதிப்பாகவாவது அழுத்திவிடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அழுத்தவில்லை. கால் ஆடுவதும் நின்றது. மெத்தைச் சுவரைப் பார்த்தபடி, அசையாமல், சத்தம் வருவதற்காகக் காத்திருந்தாள்.